ஓட்டையில்லாத கத்திரிக்காய்

சித்தியின் ஊரில் இயற்கை விவசாயக் குழுவுக்கு ஒரு எழுத்தர் தேவைப்பட்டபோது, என்ன தகுதி வேண்டும் என்று யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. போன் நல்லாப் பார்க்கத் தெரியணும், கோபம் வரக்கூடாது, அம்புட்டுத்தான் என்றாள் சித்தி. முதலாவது எனக்கு நன்றாக வரும். இரண்டாவதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

நான் இருப்பது கோச்சடையில். கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் எனக்குச் சொந்தம். ஓர் இடத்தில் உட்காரத் தெரியாதவள் என்று வீட்டில் பெயர் வாங்கியிருக்கிறேன். ஸ்கூட்டியை எடுத்து வைகையை ஒட்டி மேற்கே விட்டால் அரைமணி நேரத்தில் சித்தி ஊர். சித்தப்பாவுக்கு மேலூர் பஸ் ஸ்டாண்டில் வேலை, காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். ஒன்றரை ஏக்கர் வயலும் சித்தியின் பொறுப்பு. விதைப்பதும் அவள்தான், ஆளோடு மல்லுக்கட்டுவதும் அவள்தான்.

திட்டம் அரசாங்கத்துடையது. ரசாயன உரம், பூச்சிமருந்து இல்லாமல் பயிர் செய்ய ஒப்புக்கொள்கிறவர்கள் ஒரு குழுவாகச் சேர வேண்டும். மூன்று வருடம் அரசு கைகொடுக்கும். மடக்கி உழுது பசுந்தாள் உரமாக்கத் தக்கைப்பூண்டு விதை வந்தது, மண்புழு உரத்துக்குத் தொட்டி வந்தது, பஞ்சகவ்யம் கலக்க நீல டிரம் வந்தது. டிரம் வந்த மாதம் ஊரில் இரண்டு கல்யாணம் என்பதால், அவை முதலில் பந்திக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டு அப்புறமாகத்தான் வயலுக்கு வந்தன. மூன்றாம் வருட முடிவில் சான்று. அந்தச் சான்றுக்காக வயலைச் சோதிக்க வெளியூர் அதிகாரி யாரும் வருவதில்லை என்பதுதான் என்னை மயக்கிய விஷயம். குழுவில் இருப்பவர்களே ஒருவர் வயலை இன்னொருவர் சுற்றிப் பார்த்து, படிவத்தில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். வேளாண்மை ஆபீஸ் அதைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றும். விவசாயியை விவசாயியே சோதிக்கும் ஏற்பாடு! படித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு வாரம் தோழிகள் யாரும் என் போனை எடுக்கவில்லை, அவ்வளவு பேசினேன்.

முதல் இரண்டு வருடம் வெளியூர்ப் பையன் ஒருவன் வந்து எல்லாவற்றையும் அவனே எழுதிக்கொண்டு போயிருக்கிறான். அவன் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்ட பிறகுதான் நான். முக்கியமான மூன்றாம் வருடம் என் கையில் வந்து விழுந்தது.

அந்த வருடம் சித்தி ஒரு பெரிய காரியம் செய்திருந்தாள். வழக்கமான நெல்லை விட்டுவிட்டு முழு வயலிலும் சீரகச் சம்பா. அதற்குக் காரணம் கீழவாசல் பக்கம் பிரியாணிக் கடை வைத்திருக்கும் ஒரு பாய். மூன்று தலைமுறைக் கடை. மருந்தடிக்காத சீரகச் சம்பா கிடைத்தால் வருடா வருடம் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, சான்று இருக்க வேண்டும். வாய்ச் சொல்லை நம்பி முன்பு ஒருமுறை ஏமாந்திருந்தார். சான்று வராவிட்டால் சித்தியின் நெல் ஊர் நெல்லோடு நெல்லாக மில்லுக்குப் போகும். அத்தோடு அந்தப் பேச்சும் முடிந்தது. சித்தி இதை ஒரு தடவைதான் சொன்னாள். ஆனால் தினமும் காலையில் கதிரை உருவிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்புவாள். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

இனி நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். குழுவின் வாட்ஸ்அப்பில் உற்சாகமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் உங்கள் வயலைப் பார்க்க வருவார்கள், அவர்களுக்குத் திருப்தி என்றால் கையெழுத்துப் போடுவார்கள், எல்லாரும் தயாராக இருங்கள் என்று. எனக்கு அது வேலை அறிவிப்பு. கேட்டவர்களுக்கு அது வேறு. மூன்று பேர் பார்க்க வருகிறார்கள், பிடித்திருந்தால் முடிப்பார்கள் என்றால் அந்த ஊரில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். வாசல் தெளித்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு எடுத்தார்கள். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, காபி. வீட்டுக்கு மூன்று பேராகச் சோதிக்கப் போனவர்கள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, வெறுங்கையோடு போகக்கூடாதே என்று ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனார்கள். எப்படி நாற்று விட்டீர்கள், என்ன உரம் என்று ஹாலில் உட்கார்ந்தே கேட்டார்கள். வீட்டுக்காரர் பதில் சொன்னார். வயல் எங்கே போய்விடப் போகிறது, வெயில் தாழட்டும் என்றார்கள். வெயில் தாழ்ந்தபோது அடுத்த வீட்டில் பஜ்ஜி தயாராக இருந்தது.

நான் அன்று கம்பெனி வேலையில் மாட்டிக்கொண்டு போக முடியவில்லை. சாயங்காலம் இருபத்தொரு படிவமும் கையெழுத்தோடு வந்து சேர்ந்தபோது துள்ளிக் குதித்தேன். அத்தனையிலும் ஒரே வார்த்தை, திருப்தி.

மறுநாள் வேளாண்மை ஆபீஸ் மேடத்திடம் கொண்டுபோனேன். ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம் புதுசாக முளைத்த குடியிருப்பிலிருந்து தினமும் ஊரைக் குறுக்கே தாண்டி எங்கள் பக்கம் வருகிறவர் அவர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர் என்றாலும் களைப்பில் பத்து வருடம் கூடத் தெரியும். படிவங்களைப் புரட்டினார், பிறகு போனில் ஏற்றியிருந்த போட்டோக்களைப் பார்த்தார். போட்டோவோடு எடுத்த இடமும் சேர்ந்து பதிவாகும். இருபத்தொன்றிலும் இடம் ஊருக்குள் இருந்தது.

"இதுல நெல்லு எங்கம்மா இருக்கு? எனக்குக் கேசரிதான் தெரியுது."

முகம் சிவந்து நின்றேன். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். பிறகு நிமிர்ந்து, பத்து நாள் தருகிறேன், கதிர் பழுக்கத் தொடங்கிவிட்டது, வயலில் இறங்கிப் பார்த்து எழுதி வா, இல்லாவிட்டால் இந்த அறுவடைக்குச் சான்று கிடையாது என்றார். ஒரே ரேஷன் கார்டில் இருப்பவர்கள் மட்டும் ஒருவரை ஒருவர் சோதிக்கக்கூடாது, மற்றபடி யாரை அனுப்புவது என்பது உன் பாடு என்றும் சொன்னார்.

இந்த முறை நானே கூடப் போனேன். முதல் வயலுக்கு மூன்று பெரியப்பாமார்களை அழைத்துப் போனேன், சித்தப்பாவின் பங்காளிகள். வயல்காரரும் பங்காளிதான். வரப்பில் இறங்கி நடந்தார்கள், சரி. ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் வானத்தைப் பார்த்தார். இன்னொருவர் கொக்கை எண்ணினார். அந்தப் பயிரில் ஏதோ சரியில்லை என்று எனக்கே தெரிந்தது. சுற்றியிருந்த வயலெல்லாம் மஞ்சள் கட்டியிருக்க, அது மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. என்ன எழுதட்டும் என்று கேட்டேன். திருப்தின்னு எழுதும்மா என்றார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை என்று இப்போது புரிகிறது. பங்காளி வயலில் ஒரு குறை சொன்னால் அது குறையாக நிற்காது. வரப்புத் தகராறாக வளர்ந்து, கோயில் கும்பிடு வரைக்கும் போகும். வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் அங்கே மரியாதை. நான் பேனாவை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தபோது, ரோட்டில் டி.வி.எஸ். வண்டியில் போன ஒருவர் வண்டியை நிறுத்தினார். அவரும் குழுவில் ஒருவர், வயல்காரருக்கு மச்சான்.

"என்ன மாப்ள, பக்கத்து வயலெல்லாம் பழுத்துக் கெடக்கு, உன் பயிருக்கு மட்டும் வயசே ஆகமாட்டேங்குது? என்னத்த ஊட்டுற, எனக்கும் கொஞ்சம் சொல்லேன்."

வயல்காரர் நெளிந்தார். "ஒரு கை யூரியா போட்டேன் மச்சான். ஒரே ஒரு கைதான்."

"ஒரு கைக்கு இம்புட்டா? உன் கை என்ன முறமா?"

பெரியப்பாமார் மூவரும் முதல்முறையாகச் சிரித்தார்கள். வயல்காரரும் சேர்ந்து சிரித்தார். சண்டை இல்லை, முகம் சுளிப்பு இல்லை, உண்மை மட்டும் வெளியே வந்து வெயிலில் நின்றது. எனக்கு அந்த நொடியில் மண்டைக்குள் பல்பு எரிந்தது. அன்று மதியமே பட்டியலைக் கிழித்துப் போட்டுப் புதுசாக எழுதினேன். பங்காளி வயலுக்குப் பங்காளி போகக்கூடாது. மாமன் வயலுக்கு மச்சான், மதினி வயலுக்கு நாத்தனார், கேலி செய்ய யாருக்கு முறை இருக்கிறதோ அவர்தான் சோதனைக்கு. யாருக்கு யார் என்ன முறை என்று கண்டுபிடிக்கச் சித்தியோடு உட்கார்ந்து இரண்டு மணி நேரம். நான் கல்லூரியில் வரைந்த எந்தப் படமும் அவ்வளவு சிக்கலாக இருந்ததில்லை.

அடுத்த ஒரு வாரம் திருவிழா. மச்சான்மார் வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். கொண்டாடுவதற்குக் காலமெல்லாம் காத்திருந்தவர்கள் மாதிரி, வரப்பு வரப்பாக, மடை மடையாகத் துருவினார்கள். தெளிப்பானை மோந்து பார்த்தார் ஒருவர். அதைப் பக்கத்து ஊர்க்காரனுக்கு மருந்தடிக்க இரவல் கொடுத்தது வெளியே வந்தது. மண்புழுத் தொட்டியில் புழுவே இல்லை, கோழிதான் படுத்திருக்கிறது என்று இன்னொருவர் கூவினார். வாங்கிக் கட்டிக்கொண்டவர் மறுநாள் தன் மச்சான் வயலுக்குப் போகும் முறை வந்ததும் விடியும் முன்னே கிளம்பிவிட்டார். நான் அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். திருத்தினால் ருசி போய்விடும் என்று தோன்றியது. கோழிக்கு வேறு இடம் பார்க்கவும் என்றே ஒரு படிவத்தில் இருக்கிறது. யூரியா போட்ட பெரியப்பா தானாகவே வந்து, இந்த வருடம் என்னை ஒதுக்கி வை, அடுத்த வருடம் வாரேன் என்றார்.

கடைசி வயல் சித்தியுடையது. அதற்கு முறைப்படி அத்தை. சித்தப்பாவின் அக்கா, உள்ளூரிலேயே வாக்கப்பட்டவள், சித்திக்கு மதினி. இருவருக்கும் நடுவில் இருபது வருடமாக ஓயாத கேலி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. யார் தொடங்கியது என்று இருவருக்குமே மறந்துவிட்டது. அத்தை சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். நெல் அருமையாக இருந்தது. நெருங்கும்போதே மணம் வந்தது. அத்தை மண்ணை அள்ளிப் பார்த்தாள், தூரைப் பிடுங்கிப் பார்த்தாள், குறை கிடைக்கவில்லை. முகம் வாடிவிட்டது. சித்தி வரப்பில் நின்று, என்ன மதினி, ஒண்ணும் தேறலையா என்று கேட்டாள்.

திரும்பி வரும்போது வடக்கு வரப்பில் ஏழெட்டுக் கத்திரிச் செடி. வீட்டுக் குழம்புக்காக நட்டது. அத்தை ஒரு காயைப் பறித்தாள். இன்னொன்றைப் பறித்தாள். உருட்டி உருட்டிப் பார்த்தாள். பிறகு இரண்டாகப் பிளந்து என்னிடம் காட்டினாள்.

"ஏத்தா, ஊரெல்லாம் கத்திரிக்காய்ல புழு குடும்பம் நடத்துது. உன் காய்ல மட்டும் ஒரு ஓட்டை இல்ல. என்ன, காவலுக்கு ஆள் போட்டிருக்கியா?"

சித்தியின் சிரிப்பு அப்படியே நின்றது. வேலியில் செருகியிருந்த ஒரு காலிப் பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். கடையில் வாங்கிய பூச்சிமருந்து. புழு தாங்கவில்லை என்று பத்து நாளைக்கு முன் ஒரே ஒரு தடவை அடித்திருக்கிறாள். நெல்லுக்கு அடித்தால்தானே தப்பு, இது நாம் தின்கிறதுதானே என்று நினைத்திருக்கிறாள். யோசித்துப் பார்த்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஊர்க்காரர்கள் சாப்பிடும் பிரியாணிக்கு மருந்தே படாமல் நெல்லைக் காப்பாற்றிவிட்டு, தன் வீட்டுக் குழம்புக்கு மருந்தடித்திருக்கிறாள். அன்று சிரிப்பு வரவில்லை. நெல்லின் முதல் வரிசை கத்திரிச் செடியிலிருந்து ஒரு முழ தூரம்கூட இல்லை. படிவத்தில் வரப்புப் பயிர் என்று ஒரு கட்டம் இருந்தது. பேனா என் கையில் இருந்தது. கீழவாசல் பாய், சான்று, சித்தியின் காலை போட்டோக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நெஞ்சில் வந்து நின்றன.

ஆச்சரியமாக, முதலில் இறங்கி வந்தவள் அத்தை. கத்திரிதானே, விடு, எழுத வேண்டாம், நான் எதையும் பார்க்கலை என்றாள். கேலி எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, குரல் தாழ்ந்திருந்தது. நானும் சித்தியைத்தான் பார்த்தேன். எழுதாதே என்று அவள் சொன்னால் எழுதியிருக்க மாட்டேன். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சித்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எழுது. எழுதாம விட்டா, இந்த மதினி எனக்குப் பண்ணுன உதவின்னு பேரன் பேத்தி காலத்துக்கும் சொல்லிக் காட்டும். அதுக்கு அந்த நெல்லே மில்லுக்குப் போகட்டும்."

அத்தை ஒரு கணம் முறைத்தாள். அப்புறம் இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார்கள், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். நான் எழுதினேன். கத்திரிக்காயில் ஓட்டை இல்லை என்று தொடங்கி, பாக்கெட்டின் பெயர் வரைக்கும்.

மேடம் இந்த முறை சிரிக்காமல் படித்தார். இருபத்தொன்றையும் படித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு தடவை டீ வந்தது, ஆறிப்போனது. கோழிப் படிவத்தில் மட்டும் உதடு துடித்தது. சித்தியின் படிவத்துக்கு வந்ததும் நான் பெஞ்சின் விளிம்புக்கு வந்துவிட்டேன். குறை இருந்தால் சான்று போய்விடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குறையை என்ன செய்வது என்று குழுவே கூடி முடிவெடுத்து எழுத வேண்டும், அதைத்தான் விதி கேட்கிறது என்றார் அவர். அன்று சாயங்காலமே குழு கூடியது. கத்திரிச் செடியைப் பிடுங்குவது, வடக்கு வரப்பை ஒட்டி ஆறடி அகலத்துக்கு நெல்லைத் தனியாக அறுத்து விற்பனைக்குக் கொடுக்காமல் ஒதுக்குவது, மீதி சுத்தம் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். தீர்மானத்தை மேடம் ஏற்றினார். நான்காம் நாள் சான்று வந்தது.

ஆனால் பாய் இருக்கிறாரே. சான்றை மட்டும் காட்டிவிட்டுப் படிவத்தை மடித்து வைத்திருக்கலாம். சித்தி இரண்டையும் காட்டச் சொன்னாள். அவர் வயலுக்கே வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் கவனமாக நடந்தார். முதலில் ஒரு நெல்மணியை உரித்துக் கடித்தார். மாஷா அல்லா என்றார் மெதுவாக. பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை வாசித்தார். கத்திரிக்காய்ப் பகுதியைச் சத்தமாகவே வாசித்தார். சித்தி சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். அத்தை கொஞ்சம் தள்ளி, பாயோடு சண்டைக்குப் போகத் தயாராக நின்றாள்.

வாசித்து முடித்துத் தாளை என்னிடம் கொடுத்தார். "கத்திரிக்காய்க்கே இம்புட்டு எழுதியிருக்கீங்க. நெல்லைப் பத்தி நான் இனி என்னம்மா கேக்கறது. அறுப்பு என்னைக்கு?"

அறுவடை மெஷின் வந்தது அதற்கு மூன்றாம் நாள். ஒதுக்கிய ஆறடியை முதலில் அறுத்து வெளியே எடுத்தோம். முன்பு ஓடிய வயலின் நெல் ஏதாவது மெஷினுக்குள் தங்கியிருந்தால் அதுவும் அதோடு வந்துவிடும் என்று டிரைவர் அண்ணன் சொன்ன யோசனை. மீதி முழுவதும் பாய்க்கு. நெல்லாகவே எடுத்து, காயவைத்து, மாதக்கணக்கில் பழசாக்கி, வேண்டியபோது அரைத்துக்கொள்வது அவர் கடை வழக்கம். புது அரிசி குழைந்துவிடுமாம்.

இத்தனை வருடத்தில் சித்தி தன் நெல் எங்கே போகிறது என்று பார்த்ததில்லை. களத்தில் லாரி ஏறும், அத்தோடு சரி. இந்த முறை மூட்டை ஏற்றிய வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அத்தை கேட்காமலே பக்கத்தில் ஏறினாள். நான் ஸ்கூட்டியில் பின்னால். கோச்சடையைத் தாண்டும்போது சித்தி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எனக்கு டாட்டா காட்டினாள், ஏதோ டூர் போகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

பாயின் குடோன் ஒரு சந்துக்குள், உயரமான பழைய கட்டடம். மூட்டை இறங்க இறங்கச் சித்தி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். அத்தை உள்ளே போனவள் வரவே இல்லை. போய்ப் பார்த்தால், சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு மூலை மூலையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். சுவரைத் தட்டினாள். தரையில் விரலை வைத்து ஈரம் பார்த்தாள். பாய் கூடவே பதற்றமாக நடந்தார். கடைசியில் ஒரு பலகைக்குப் பின்னால் விரல் நீட்டினாள். எலி வளை.

"இது என்ன பாய், எங்க நெல்லுக்கு முன்னாடியே இவுக வந்து குடியேறிட்டாகளா?"

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். எழுதப் போகிறாயா என்பது போல இருந்தது அந்தப் பார்வை. என் பையில் வெற்றுப் படிவம் இரண்டு மிச்சம் இருந்தது. நான் எடுத்தேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, சிமெண்ட் வாங்க ஆளை அனுப்பிவிட்டு, எங்கே கையெழுத்துப் போடணும் என்று கேட்டார்.